குவளையோடு ஒருவன்

ஹோர்ன் துறைமுகத்தின் பின்தெருவில்
பல் மருத்துவமனையில் எனக்கு வேலை.
வருகிறவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு
உட்காரச் சொல்வேன்.
உட்கார்ந்ததும் எல்லோர் கண்ணும்
எதிர்ச் சுவரில் சிரிப்பவனிடம் போகும்;
போன வேகத்தில் திரும்பும்.
வீங்கிய கன்னத்தோடு வந்தவருக்கு
அடுத்தவன் சிரிப்பு எதற்கு?

அச்சுப்படம்தான்.
அருங்காட்சியகக் கடையில்
சுருட்டி அட்டைக்குழாயில் போட்டுத் தருவார்களே, அது.
படம் பதினாறு யூரோ, சட்டகம் அறுபது.
தூசி நிறத் தொப்பி,
முடிச்சவிழ்ந்த கழுத்துப்பட்டி,
பிடியில் ஈயக் குவளை,
ஈறு தெரிய ஒரு சிரிப்பு.
வரைந்தவன் பெயர் தெரியாது, இவன் பெயரும்.
"குவளையோடு ஒருவன்" என்று
கீழ் ஓரத்தில் பொடி எழுத்து.

ஜன்னலுக்கு நேரே மாட்டியது என் தவறு.
பதினோரு கோடையின் வெயில்
அவன் குவளையைத் தொடவில்லை,
கன்னத்துச் சிவப்பைக் குடித்துவிட்டது.
மிச்சம் நீலம்.
கடலில் விழுந்து மூன்றாம் நாள்
கரை சேர்ந்தவன்போல இருக்கிறான்,
இன்னும் சிரித்துக்கொண்டு.

"கழற்றித் தொலையுங்களேன்" என்றாள்
திருமதி ரோல்விங்க்.
கடைவாய்ப் பல்லுக்கு நாலாவது முறை வந்திருந்தாள்.
சரி என்றேன்.
மதிய இடைவேளையில் நாற்காலி போட்டு ஏறினேன்.

வுப்போ டெர்ப்ஸ்ட்ரா, மருத்துவர்,
என் கடைசி மகனைவிட இளையவர்,
ரொட்டித் துணுக்கு ஒட்டிய உதட்டோடு வந்து
"பொறுங்கள்" என்றார்.
நெற்றியில் ஏற்றியிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை
கண்ணுக்கு இறக்கிக்கொண்டு
அவன் வாய்க்குள் குனிந்தார்.

வெறும் புள்ளிகள் என்றார்.
நீலப் புள்ளி, கறுப்புப் புள்ளி,
செத்துக்கொண்டிருக்கும் மஞ்சள்.
புற்றைக் கிளறினால் எறும்பு ஓடுமே, அப்படி.
சிரிப்பு என்று அங்கே எதுவும் இல்லை.
ஒரு சாண் பின்னால் வந்தார்.
இன்னொரு சாண்.

"கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள்."

பார்த்தேன்.
பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறான்;
ஆனாலும் மேல்வரிசையில் ஒரு பாதி,
கீழ்வரிசையில் ஒரு பாதி,
சேர்ந்து வட்டமாய் ஒரு துளை.
பதினோரு வருடம்
அச்சுக்கறை என்றல்லவா நினைத்தேன்.

"களிமண் புகைக்குழாய்.
இருபது வருடம் ஒரே இடத்தில் கவ்வினால்
பல் தேய்ந்து இப்படி வழிவிடும்.
இதை யாரும் மனதால் வரைய மாட்டார்கள்.
இந்த வாய் ஒரு ஆளிடம் இருந்தது."
சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

நான் நாற்காலியில் இருந்து இறங்கவில்லை.
படத்தில் புகைக்குழாய் இல்லை.
அப்படியானால் உட்காரும்முன்
எங்கோ அதை வைத்திருக்கிறான்:
சட்டகத்துக்கு வெளியே, மேசை விளிம்பில்,
சாம்பல் ஆறிக்கொண்டிருக்க.
வரைந்தவனிடம் வெள்ளைச் சாயம் இருந்தது.
ஒரு தொடுதல் போதும், வரிசை நிரம்பியிருக்கும்.
தொடவில்லை.

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
இவனுக்குச் சொல் போய், பெயர் போய்,
ஊரும் வீதியும் போய்,
பல் தேய்ந்த இடம் மட்டும் தங்கிவிட்டது.
கேமரா, மை, மலிவான காகிதம்,
ரயிலில் என் மடிமேல் கிடந்த அட்டைக்குழாய்,
எல்லாவற்றின் வழியாகவும்
அந்தத் துளை சிந்தாமல் வந்திருக்கிறது.
சிவப்பை வெயில் எடுக்கும்.
இல்லாததை எப்படி எடுக்கும்?

என் நாக்கு தன்பாட்டில்
என் பற்களைத் தடவிப் பார்த்தது.

படத்தை மாற்றி மாட்டினேன்,
கோட் மாட்டும் கொக்கிகளின் மேலே.
அங்கே வெயில் வராது,
உட்கார்ந்திருப்பவர் கண்ணும் எட்டாது.

நாலு மணிக்கு உள்ளேயிருந்து வந்தாள் ரோல்விங்க்,
பல் இல்லாமல்,
பஞ்சைக் கடித்துக்கொண்டு.
கோட்டை எடுக்கக் கை நீட்டியவள்
அவனுக்கு நேராக நின்றாள்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பஞ்சின் வழியே ஏதோ சொன்னாள்.
எனக்கல்ல.
என்னவென்று எனக்கு விளங்கவும் இல்லை.
அடுத்த வியாழன், ஒன்பதே கால் என்று
அவள் சீட்டில் எழுதிக்கொடுத்தேன்.